தள்ளிப்போன தேனிலவு

கல்யாண போட்டோ எடுப்பவருக்குத் திருமண நாள் கிடையாது. அதுவும் வைகாசி முகூர்த்தத்தில் தாலி கட்டியவர் என்றால் சுத்தமாகக் கிடையாது. மும்பை மாட்டுங்காவில் 1979 முதல் 2014 வரை ஸ்டுடியோ நடத்திய அந்த மனிதருக்குக் கல்யாணமானது 1981 ஜூனில், வைகாசியின் கடைசி முகூர்த்தங்களில் ஒன்றில். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அவர் வேறு யாருடைய கல்யாணத்திலோ, தோளில் பையும் கழுத்தில் காமிராவுமாக, "மாப்பிள்ளை கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரவு பத்து மணிக்கு மேல் வீடு திரும்பும்போது கையில் ஒரு தாம்பூலப் பை இருக்கும். அதிலிருக்கும் தேங்காய்தான் மனைவிக்குத் திருமண நாள் பரிசு.

தேனிலவு என்று ஒன்று திட்டமிடப்பட்டது உண்மை. லோனாவாலாவில் இரண்டு நாள். கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு பெரிய இடத்துக் கல்யாண ஆர்டர் வந்தது. "அடுத்த மாசம் போகலாம்" என்றார் புது மாப்பிள்ளை. அந்த அடுத்த மாதம் வந்து சேர 42 வருடம் ஆயிற்று.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் வேலை பார்க்கும் மகன் 2023 ஜூனில் பெற்றோரை வரவழைத்தான். திருமண நாளுக்கு இரண்டு இரவு, அவர்கள் இருவரை மட்டும், லேக்காக் என்ற கிராமத்தில் ஒரு பழைய வீட்டு மாடி அறையில் தங்க ஏற்பாடு செய்தான். லேக்காக்கை அவன் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. காகிதத்தில் நெகட்டிவ் எடுத்து அதிலிருந்து எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் போடலாம் என்ற வழியைக் கண்டுபிடித்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் வாழ்ந்த ஊர் அது. அப்பாவுக்குப் பிடிக்கும் என்று மகன் நினைத்தான். அம்மாவுக்குப் பிடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை. அந்த அம்மாளும் சொல்லவில்லை. ஒரு டப்பாவில் புளிக்காய்ச்சலும், இன்னொரு டப்பாவில் நார்த்தங்காயும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிரிஸ்டலிலிருந்து லண்டன் போகும் ரயிலில் ஏறி, பாத் நகரத்துக்கு அடுத்து சிப்பன்ஹாமில் இறங்கினால், அங்கிருந்து டாக்ஸியில் பத்து நிமிஷம். ஏவன் ஆற்றங்கரைப் புல்வெளிகள் முடியும் இடத்தில் ஊர் ஆரம்பிக்கிறது. பெரிய ஊர் இல்லை. நான்கு தெருக்கள் ஒரு சதுரம்போலச் சேர்கின்றன. மாட வீதி சுற்றுவதுபோல் கால் மணியில் சுற்றி வந்துவிடலாம். மரச் சட்டங்களுக்கு நடுவே சுண்ணாம்பு பூசிய சுவர்கள், கல் ஓடு வேய்ந்த கூரைகள், ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்ததுபோல் நிற்கும் வீடுகள். 14-ம் நூற்றாண்டு வீடு ஒன்று, வளைந்த இரண்டு மரத் தண்டுகளைக் கவட்டைபோல் நிறுத்தி அதன் மேல் கூரையைத் தாங்குகிறது. குடியானவர்கள் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை மடத்துக்கு அளந்து கொட்டிய களஞ்சியம் அப்படியே இருக்கிறது. அதை ஒட்டி, குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவர்களை அடைத்து வைத்த ஜன்னலில்லாத சிறு கல் அறை. தலைக்கு மேலே மின்கம்பி இல்லை. கூரையில் டிவி ஆன்டெனா இல்லை.

அதனால்தான் காமிராக்கள் இந்த ஊரை மொய்க்கின்றன. 1995-ல் பிபிசி எடுத்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' தொடரில் கதாநாயகியின் குடும்பம் கடைக்குப் போகும் ஊர் இதுதான். ஹாரி பாட்டர் படங்களில் வரும் மந்திரப் பள்ளியின் கல் தாழ்வாரங்களில் சில இங்குள்ள மடத்தைச் சேர்ந்தவை. சனி, ஞாயிறுகளில் கைகோத்து வரும் இளம் ஜோடிகள் ஒவ்வொரு வாசலிலும் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அறைக்குள் நுழையும்போதே ஸ்டுடியோக்காரருக்கு வாசல் உத்தரத்தில் தலை இடித்தது. தரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுத்து அதைச் சமப்படுத்தியிருந்தார்கள். வீட்டுக்காரப் பெண்மணி வாடகைக்கு இருப்பவர். இந்தக் கிராமத்தில் பெரும்பாலான வீடுகள் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குச் சொந்தம். சுண்ணாம்பு எப்போது அடிக்க வேண்டும், கதவுக்கு என்ன வண்ணம் என்பதெல்லாம் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்றார். படப்பிடிப்பு நாட்களில் தார்ச்சாலையின் மேல் மண்ணைக் கொட்டி மறைத்துவிடுவார்களாம். முடிந்ததும் வாரிக்கொண்டு போய்விடுவார்களாம்.

அவர் போனதும் அந்த அம்மாள் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தபடி சொன்னார்: "நல்லா டச் பண்ணின ஊருங்க இது."

கணவர் சிரித்தார். அது தொழில் பாஷை. அதை அவர் அந்த நேரத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மடத்துக்குப் போனார்கள். மடம் என்று பெயர்தான். 1539-லேயே அது மூடப்பட்டுவிட்டது. எட்டாம் ஹென்றி மடங்களையெல்லாம் கலைத்துச் சொத்துகளை விற்றபோது வில்லியம் ஷாரிங்டன் என்பவர் இதை 783 பவுனுக்கு வாங்கி வீடாக மாற்றிக்கொண்டார். மாதா கோயிலை இடித்தவர், கன்னிமார்கள் நடந்த கல் தாழ்வாரங்களை மட்டும் ஏனோ விட்டுவைத்தார். அதன் மேலேயே மாளிகை எழும்பியது. கீழே 13-ம் நூற்றாண்டிலிருந்து 15-ம் நூற்றாண்டுவரை, மேலே 16-லிருந்து 19 வரை. மாடிப் படியேறினால் முன்னூறு வருடம் கடந்துவிடுகிறது.

இந்த மடத்தைக் கட்டியது ஒரு விதவை. சால்ஸ்பரி சீமாட்டி ஈலா, கணவர் இறந்த பிறகு மறுமணத்துக்கு இணங்காமல், 1232-ல் தன் சொந்த நிலத்தில் பெண் துறவியருக்காக இதை நிறுவினார். பிறகு தானே இதன் தலைவியாகவும் ஆனார்.

ஷாரிங்டன் குடும்பத்திலிருந்து டால்பட் குடும்பத்துக்கு இது கை மாறியதற்கும் ஒரு பெண்தான் காரணம். 17-ம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரி என்பவர் எழுதிவைத்த கதை அது. ஷாரிங்டனின் தம்பி மகள் ஆலிவ், ஜான் டால்பட் என்ற இளைஞனை விரும்பினாள். அப்பா சம்மதிக்கவில்லை. ஒரு ராத்திரி மாளிகையின் உச்சியில் நின்று, கீழே நிற்கும் காதலனோடு பேசிக்கொண்டிருந்தவள், "குதிக்கிறேன், பிடித்துக்கொள்" என்று சொல்லிக் குதித்தே விட்டாள். பாவாடைக்குள் காற்றுப் புகுந்து வேகம் குறைந்ததாம். அவள் பிழைத்தாள். தாங்கிப் பிடித்தவன்தான் மூர்ச்சையாகிவிட்டான். இத்தனை தூரம் குதித்தவள் அவனையே கட்டிக்கொள்ளட்டும் என்று அப்பா இறங்கி வந்தார். கதையில் எவ்வளவு நிஜம் என்பது ஆப்ரிக்கே வெளிச்சம். கல்யாணம் நிஜம். அதன் வழியாகத்தான் சொத்து டால்பட்டுகளுக்கு வந்தது.

"அவ குதிச்சதாலதான் உங்க ஆளு இங்க பொறந்தாரு" என்றார் அந்த அம்மாள். உங்கள் ஆள் என்றது ஃபாக்ஸ் டால்பட்டை. அவர் பிறந்தது வேறு ஊர் என்பதைக் கணவர் திருத்தினார். வாழ்ந்தது, உழைத்தது, 1877-ல் மறைந்து அடக்கமானது எல்லாம் இங்கேதான்.

மாளிகையின் தெற்குக் கூடத்தில் ஒரு சிறிய ஜன்னல் இருக்கிறது. சுவரிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு, சின்னச் சின்னக் கண்ணாடிச் சதுரங்களை ஈயத்தால் இணைத்தது. 1835 ஆகஸ்டில் டால்பட் தன் சிறு மரப் பெட்டி ஒன்றை இந்த ஜன்னலைப் பார்த்து வைத்தார். உள்ளே வெள்ளி உப்பு தோய்த்த காகிதம். கிடைத்த படம் ஒரு தபால் தலை அளவுதான். காமிராவில் எடுத்த நெகட்டிவ்களில் இன்றுவரை தப்பிப் பிழைத்தவற்றுள் மிகப் பழையது அதுதான். எடுத்த புதிதில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சுமார் 200 கண்ணாடிச் சதுரங்களையும் எண்ண முடிந்தது என்று டால்பட் அதன் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். இப்போது மூல நெகட்டிவ் மங்கிவிட்டது. அதன் பிரதி ஒன்றைத்தான் ஜன்னலருகே வைத்திருக்கிறார்கள்.

ஸ்டுடியோக்காரர் அந்த ஜன்னலுக்கு முன்னால் செருப்பைக் கழற்ற முனைந்தார். மனைவி கையைப் பிடித்துத் தடுத்தார். "நமக்குச் சோறு போட்டவரும்மா இவரு" என்று அவர் சொன்னபோது குரல் கம்மியிருந்தது. தஞ்சாவூர்க்காரர் அவர். லினஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை ராஜதானியின் அரசு போட்டோகிராபராக 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்து, விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் சோழர் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்ட்டுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அவர் பயன்படுத்தியதும் காகித நெகட்டிவ்தான். இந்த ஜன்னலிலிருந்து அந்தக் கல்வெட்டுக்கு 23 வருட தூரம். இதையெல்லாம் அவர் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போனார். அங்கிருந்த காவலர்கூட நின்று கேட்டார். நீங்கள் போட்டோகிராபரா என்றார். "35 வருஷம்" என்று ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னார் இவர். மனைவி இரண்டடி தள்ளி நின்றிருந்தார்.

வாசலருகே 16-ம் நூற்றாண்டுக் களஞ்சியம் ஒன்றில் 1975 முதல் டால்பட்டின் பெயரில் ஒரு காட்சியகம் இருக்கிறது. அங்கேதான் அந்த அம்மாளின் கால்கள் நின்றன. அவர் நின்றது டால்பட்டின் மனைவி கான்ஸ்டன்ஸைப் பற்றிய செய்திகளின் முன்.

டால்பட்டுக்கும் கான்ஸ்டன்ஸுக்கும் 1832 டிசம்பரில் கல்யாணம். அதே மாதத்தில்தான் மாப்பிள்ளை பாராளுமன்ற உறுப்பினரானார். எனவே தேனிலவு தள்ளிப்போயிற்று. அடுத்த வருடம் கிளம்பினார்கள். 1833 அக்டோபரில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் கான்ஸ்டன்ஸ் அழகாகப் படம் வரைந்துகொண்டிருந்தாள். கணவருக்கு வரையவே வரவில்லை. முப்பட்டைக் கண்ணாடி வைத்துக் காட்சியைக் காகிதத்தில் விழச் செய்யும் கருவி கையில் இருந்தும் கோடு கோணல் மாணலாக ஓடிற்று. கையால் வரைய முடியாத இந்தக் காட்சி தானாகவே காகிதத்தில் பதிந்துவிட்டால் எப்படி இருக்கும் என்ற யோசனை அவருக்கு அங்கேதான் வந்தது. 1844-ல் வெளிவரத் தொடங்கிய தன் புத்தகத்தில் அவரே இதைச் சொல்கிறார். மனைவிக்குத் தெரிந்த வித்தை தனக்குத் தெரியவில்லையே என்ற குறையில் பிறந்ததுதான் போட்டோ.

ஊர் திரும்பி அவர் சோதனைகளைத் தொடங்கினார். சின்னச் சின்ன மரப் பெட்டிகள் மாளிகையைச் சுற்றி அங்கங்கே வைக்கப்பட்டன. 1835-ல் எழுதிய ஒரு கடிதத்தில் கான்ஸ்டன்ஸ் அவற்றை எலிப்பொறிகள் என்று கிண்டல் செய்கிறாள். அந்த வருடம்தான் முதல் குழந்தை பிறந்திருந்தது. ஆனாலும் எலிப்பொறிகளை அவள் ஒதுக்கிவிடவில்லை. 1839-ல் கணவர் தன் கண்டுபிடிப்பை ராயல் சொசைட்டிக்கு அறிவித்த அதே வருடம், அவளும் காகிதத்தில் மருந்து பூசி வெயிலில் வைத்துப் பதிவெடுத்தாள். போட்டோ எடுத்த முதல் பெண் அவளாகத்தான் இருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். அவளுடையது என்று நம்பப்படுவது ஒரு கவிதையின் சில வரிகளைப் பதித்த மங்கலான ஒரு பிரதி. அதற்கு மேல் காட்ட அதிகம் இல்லை.

"ஏங்க, அந்தம்மா எடுத்த மத்த படமெல்லாம் எங்கே?" என்றார் மனைவி.

"எடுத்திருப்பாங்க. யார் பேர் போட்டு வச்சாங்க?" என்றார் கணவர், அடுத்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடி. சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தார். மனைவி வெளியே போய்விட்டிருந்தார்.

இங்கே மாட்டுங்கா ஸ்டுடியோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்னறையில் விளக்கு, திரை, ஸ்டூல். அது கணவரின் ராஜ்யம். பின்னால், ஆறடிக்கு நாலடி டார்க் ரூம். அது மனைவியுடையது. கல்யாணமான மூன்றாம் மாதம் உதவிக்கு இருந்த பையன் நின்றுவிட்டான். "ஒரு வாரம் மட்டும் பாத்துக்கோ" என்றார் கணவர். சிவப்பு விளக்கின் கீழ் ட்ரேயை ஆட்டி ஆட்டி முகங்கள் மேலெழுவதைப் பார்த்து, டெவலப்பரிலிருந்து எடுத்து, ஹைப்போவில் போட்டு, தண்ணீரில் அலசி, கிளிப்பில் மாட்டிக் காய வைத்தார். அந்த ஒரு வாரம் கலர் லேபுகளும் டிஜிட்டலும் வரும்வரை நீண்டது. டெவலப்பர் மருந்து அவர் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விரல் நுனிகள் வெடிக்கும். புளி கரைக்கும்போது எரியும். கையுறை போட்டால் காகிதத்தின் வழுவழுப்பு தெரியாது என்று போட மாட்டார்.

அதைவிட நுட்பமானது டச்சிங். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகத்தில் ஒரு சுருக்கம் என்றால் அது நெகட்டிவில் வெளிறிய கோடாகத் தெரியும். ஊசிபோல் சீவிய பென்சிலால் அந்த வெளிறலைப் புள்ளி புள்ளியாக நிரப்பினால் பிரிண்ட்டில் சுருக்கம் மறைந்துவிடும். ஒரு புள்ளி அதிகமானால் முகம் பொம்மையாகிவிடும். 1986-ல் ஒரு புகைப்படப் போட்டிக்கு ஸ்டுடியோவிலிருந்து ஒரு மணப்பெண்ணின் படம் போயிற்று. அந்தப் பெண்ணின் கன்னங்களில் குழந்தையில் வந்த அம்மையின் தழும்புகள். மூன்று ராத்திரி, மகனை மடியில் போட்டுக்கொண்டு, அந்த அம்மாள் ஒவ்வொரு தழும்பாக நிரப்பினார். படம் முதல் பரிசு வாங்கியது. வெளிச்சத்தைக் கையாண்ட நேர்த்தியை நடுவர்கள் பாராட்டினார்கள். கோப்பையில் கணவர் பெயர். அது பல வருடம் ஸ்டுடியோ வாசல் கண்ணாடி அலமாரியில் இருந்தது.

அன்று இரவுச் சாப்பாடு ஜார்ஜ் என்ற பழைய விடுதியில். கணப்படுப்பின் அருகே மரத்தாலான ஒரு சக்கரம். எதற்கு என்று கேட்டார்கள். கம்பியில் கோத்த இறைச்சியை நெருப்பின் மேல் சுழற்றுவதற்காம். அந்தச் சக்கரத்துக்குள் ஒரு நாயை விட்டுவிடுவார்கள். அது உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும், சக்கரம் சுழலும், கறி ஒரே சீராக வேகும். இந்த வேலைக்கென்றே குட்டைக் கால் நாய்களை வளர்த்தார்கள்.

"சமையல் நல்லா இருந்துதுன்னு சமையல்காரனைத்தான் பாராட்டியிருப்பாங்க" என்றார் அந்த அம்மாள்.

உருளைக்கிழங்கும் பட்டாணியும் காளானும் வந்தன. சாப்பாடு முடியும்வரை கணவர் பேசவில்லை.

ஜூன் மாதம் அந்தப் பக்கத்தில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கிறது. சுற்றுலா வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். ஊர் தன் வீட்டு உடையில் இருந்தது. யாரோ குப்பைத் தொட்டியை இழுத்து வாசலில் வைத்தார்கள். ஒரு ஜன்னலுக்குள் டிவி மின்னியது. இருவரும் ஊர் எல்லையில், பொதி குதிரைகள் கடப்பதற்காகக் கட்டிய பழைய கல் பாலம்வரை நடந்தார்கள். கம்பளி வியாபாரத்தில் இந்த ஊர் செழித்திருந்த நாட்களின் மிச்சங்களில் ஒன்று அது. கீழே முழங்கால் ஆழத்துக்கு ஓடை.

"அந்தக் கப்பு எங்கே இருக்கு?" என்றார் கணவர்.

எந்தக் கப்பு என்று மனைவி கேட்கவில்லை. "பரண்ல. பழைய பித்தளைச் சாமானோட."

"ஊருக்குப் போனதும் எடுக்கணும்."

"எதுக்கு?"

"உன் பேரை வெட்டணும் அதுல."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் பாலத்தின் கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாத்திரக் கடையில பேர் வெட்டறவன்கிட்ட குடுத்தா அஞ்சு நிமிஷத்துல வெட்டிடுவான். எழுத்துக்கு இவ்வளவுன்னு காசு."

"நான் விளையாட்டுக்குச் சொல்லல."

சிரிப்பு நின்றது. "வெளிச்சத்தைக் கையாண்ட நேர்த்தின்னு அன்னிக்குப் படிச்சாங்களே" என்றார் மெதுவாக. "நான் பின் வரிசையில உக்காந்திருந்தேன். நீங்க திரும்பி என்னைப் பாப்பீங்கன்னு நெனச்சேன். பேர் சொல்லணும்னுகூட இல்ல. பாத்திருக்கலாம்."

ஓடைச் சத்தம் கேட்டது. 37 வருடத்துக்கு முந்தைய ஒரு மேடையை அவர் நினைவில் தேடினார். கைதட்டல் இருந்தது, மாலை இருந்தது, கோப்பையின் கனம் இருந்தது. பின் வரிசை நினைவில் இல்லை. அதை அவர் மறைக்கவில்லை. "நான் பாக்கலம்மா" என்றார்.

"தெரியும்" என்றார் மனைவி. பிறகு அவர்தான் முதலில் நடக்க ஆரம்பித்தார். சற்றுத் தூரம் போய், பின்னால் வருகிறாரா என்று நின்று பார்த்தார்.

மறுநாள் காலை கிளம்புவதற்கு முன் கணவர் மறுபடி மடத்துப் புல்வெளிக்குப் போக வேண்டும் என்றார். தோளில் அவருடைய பழைய யாஷிகா. கலர் லேபுகளும் டிஜிட்டலும் மற்ற எல்லாவற்றையும் விற்க வைத்த பிறகும் விற்காத ஒன்று. ஒரு ரோலுக்கு 12 படம். இரண்டு நாளில் கஞ்சத்தனமாகப் 11 எடுத்திருந்தார். வீடுகள், பாலம், தாழ்வாரம். கடைசி ஒன்றை மீதம் வைத்திருந்தார்.

அந்தத் தெற்கு ஜன்னலுக்கு வெளியே, கீழே புல்லில் நின்றுகொண்டு, காமிராவைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார்.

யாஷிகாவைக் கண்ணுக்கு நேரே பிடிப்பதில்லை. வயிற்றோடு அணைத்து, மேலிருந்து குனிந்து கண்ணாடியைப் பார்க்க வேண்டும். அதில் இடது வலதாகத் தெரியும். புதியவர்கள் தடுமாறிப் போவார்கள். அந்த அம்மாள் தடுமாறவில்லை. எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தே பழகிய கண். அந்தக் காமிராவில் ஆயிரக்கணக்கான ரோல் மாட்டியிருக்கிறார். பட்டனை அழுத்தியது மட்டும் இல்லை.

"தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்றார். "தோளை இந்தப் பக்கம். அப்படியில்ல, நீங்க எப்பவுமே ஆளை நேரா நிறுத்திடுவீங்க. அதான் மூக்கு நிழல் விழும். எத்தனை மூக்கை நான் சரி பண்ணியிருக்கேன்."

ஸ்டுடியோக்காரர் சொன்னபடி திரும்பினார். 35 வருடம் அவர் செய்த பிழையெல்லாம் போய்ச் சேர்ந்த இடம் அந்தக் கண்கள் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்ததுபோல் இருந்தது. ஆயிரக்கணக்கானவர்களைச் சிரிக்கச் சொன்னவருக்கு, எப்படிச் சிரிப்பது என்று தெரியவில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கிளிக் என்ற சத்தம் கேட்டதும் மூச்சை விட்டார்.

போகும்போது வாசலில் வீட்டுக்காரப் பெண்மணி ஊர்க் கதையின் கடைசிப் பகுதியைச் சொன்னார். மடத்தையும் கிராமத்தையும் சேர்த்து 1944-ல் நேஷனல் டிரஸ்ட்டுக்குக் கொடுத்தவர் டால்பட்டின் பேத்தி மடில்டா. தான் அனுபவித்த சொத்தை, ஊர் சிதையாமல் இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். டாக்ஸியில் ஏறியதும் அந்த அம்மாள் விரல்விட்டு எண்ணினார். கட்டினது ஈலா. குதிச்சது ஆலிவ். எலிப்பொறின்னு கிண்டல் பண்ணினது கான்ஸ்டன்ஸ். கடைசியில கொடுத்தது மடில்டா. "நடுவுல உங்க ஆளு ஒருத்தர்" என்றார். கணவர் மறுத்துப் பேசவில்லை.

மாட்டுங்காவில் மழை பிடித்திருந்தது. கோப்பை பரணிலிருந்து இறங்கியது. முலாம் போய்க் கறுத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்தும் முழுசாகப் போகவில்லை. பாத்திரக் கடைக்காரர் இருந்த பெயருக்குக் கீழே இன்னொரு பெயரை வெட்டிக் கொடுத்தார். இடம் போதாமல் எழுத்துகள் கொஞ்சம் நெருக்கமாக விழுந்தன. இப்போது அது ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மகனின் நண்பர்கள் யாராவது வந்து கேட்டால், சொல்வது கணவர்.

அந்த ரோலை எந்த லேபுக்கும் கொடுக்கவில்லை. குளியலறை விளக்கை அணைத்து, கதவிடுக்கில் துண்டைச் சொருகி, இருவருமாகக் கழுவினார்கள். இந்த முறை மருந்துத் தண்ணீரில் கைவிட்டது கணவர். மனைவி கடிகாரம் பார்த்து நிமிஷம் சொன்னார். காய்ந்த பிறகு 12-வது நெகட்டிவை வெட்டி, ஓரத்தைப் பிடித்து, கம்பி போட்ட ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார் அந்த அம்மாள்.

பின்னால் ஈயச் சட்டமிட்ட ஜன்னல் தெரிந்தது. முன்னால் கணவர். நெற்றியில் மூன்று வெளிறிய கோடுகள், கண்ணோரம் இரு பக்கமும் விசிறிபோல் சில. டப்பாவில் பழைய பென்சில் இருந்தது. எடுத்து முனையைப் பார்த்தார். பிறகு திரும்ப வைத்துவிட்டார்.

"டச் பண்ணலையா?" என்றார் கணவர்.

"வேணாம். இருக்கட்டும்." நெகட்டிவை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். அதில் எல்லாமே தலைகீழ். 68 வயது நரை முழுக்கக் கறுப்பாகத் தெரிந்தது.

"இங்க பாருங்க" என்றார். "கல்யாணத்தப்போ இருந்த முடி."

கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருகில் வந்து, அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.